யாழ்ப்பாணத்து வீட்டுச் சுடுதண்ணீர் ஹீற்றர் மெல்லச் சூடாகிறதா?

வெளிநாட்டிலிருந்து வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஹீற்றர் சுவிச்சில் கை வைக்காதீர்கள். முதலில் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து விடுங்கள். காற்றுச் சீறல் நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் சுவிச். உள்ளே தண்ணீர் இல்லாமல் போட்டால் கொயில் சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

அடுத்தது மணிக்கூட்டைப் பாருங்கள். 25 லீற்றர் ஹீற்றர், 2 கிலோவாற் கொயில் என்றால், 28 பாகையில் இருக்கும் தண்ணீர் 60 பாகைக்கு வர ஏறக்குறைய அரை மணித்தியாலம் எடுக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ பைப்பைத் திறந்ததும் சுடுதண்ணீர் கண்டவர்களுக்கு இதுவே தாமதமாகத் தெரியும், அது பழுதல்ல. மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து 200க்கு இறங்கினால் சூட்டின் கால்பங்கு போய்விடும், அரை மணி நாற்பது நிமிடமாகும். மாலையில் மட்டும் தாமதம் என்றால் மின்னழுத்தம் இறங்கியிருக்கும்; ஹீற்றரைக் கழற்றுவது வீண்வேலை.

கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் ஹீற்றருக்குள்ளும் அதேதான். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. சூடேற்றினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து கொயிலில் ஒட்டும். சோளம் பொரிவதுபோல் சத்தம் கேட்பது அந்தப் படிவுக்குள் தண்ணீர் கொதிப்பதால். சூடு வெளியே பரவாமல் கொயிலைச் சுற்றியே தேங்க, பக்கத்தில் இருந்து சூட்டை அளக்கும் தெர்மோஸ்ரற் ஏமாந்து முன்கூட்டியே நிறுத்திவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்பது இதனால்தான்.

கழுவ ஒரு காலை நேரம் போதும். மெயின் சுவிச்சை நிறுத்தி, ரெஸ்ரரால் சோதித்து, சூடு ஆறும்வரை விடுங்கள். தண்ணீர் வரும் வால்வைப் பூட்டுங்கள். சுடுதண்ணீர்ப் பைப் திறந்தே இருக்கட்டும், காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். பாதுகாப்பு வால்வின் பிடியைத் தூக்கி வடியுங்கள். வயர்கள் இருந்த விதத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு, கொயில் தட்டின் போல்ற்றுகளைக் கழற்றுங்கள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 50 கிராம் சிற்றிக் அசிட் கரைத்துக் கொயிலை ஊறவிடுங்கள். நுரை அடங்கினால் சுண்ணாம்பு போய்விட்டது. மின் இணைப்பு முனைகள் நனையக்கூடாது. ஸ்குறூட்ரைவரால் சுரண்டினால் கொயிலின் செப்புக் குழாய் கீறுப்படும். கக்கூஸ் கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம், அது செப்பையும் தின்னும். அடியில் கிடக்கும் மண்டியைக் கையால் அள்ளுங்கள். பழைய றப்பர் வளையத்தைத் திரும்பப் போட்டால் கசியும்; புதிதை முன்னரே வாங்கி வையுங்கள்.

கூடவே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். துருவைத் தன்மேல் வாங்கித் தாங்கியைக் காப்பது அதுதான். மெலிந்து உள்கம்பி தெரிந்தால் மாற்றவேண்டும். தண்ணீரில் கூழ்முட்டை மணம் வந்தால், தேங்கிய தண்ணீரில் பெருகிய பக்ரீரியாவின் வேலை: ஒருமுறை உச்சச் சூட்டில் வைத்து முழுவதையும் ஓடவிடுங்கள். பிறகு 55 பாகை போதும், படிவும் குறையும்.

திரும்பிப் போகும்போது வடித்துவிட்டு, சுவிச்சின் மேல் ‘தண்ணி இல்லை, போடாதேங்கோ’ என்று ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.