ஐபி முகவரி கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள்

அலுவலகத்தில் சில விண்டோஸ் கணினிகளுக்கு மட்டும் நெட் வரவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கொடுத்து, ‘டிஎச்சிபி சர்வர்’ (ஐபி முகவரி கொடுக்கும் சர்வர்) வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் சர்வரின் முகவரி இல்லாமல் வேறொன்று இருந்தால், பெரும்பாலும் யாரோ ஒரு வைஃபை ரவுட்டரின் லேன் போர்ட்டில் அலுவலக கேபிளைச் செருகியிருப்பார்கள்; அந்த ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். கணினி எல்லோரிடமும் பொதுவாகத்தான் முகவரி கேட்கிறது. முதலில் வரும் பதிலையே பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் கோளாறு வருவது அதனால்தான். ‘ஏஆர்பி -ஏ’ கொடுத்தால் அந்த வேறு முகவரிக்கு நேராகக் காட்டும் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் (எந்தக் கருவி எந்த போர்ட்டில் என்ற பட்டியல்) தேடினால் போர்ட் தெரிந்துவிடும். ரவுட்டரைக் கழற்றியபின் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’ (பழைய முகவரியை விட), பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’ (புதியது வாங்க) கொடுங்கள். ரிலீஸை விட்டுவிடாதீர்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் இந்த வழி உதவாது. அங்கே யாருமே பதில் தரவில்லை. கேபிள், விலேன் (ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்) சரியா, சர்வரில் முகவரிகள் தீர்ந்துபோயினவா என்று பாருங்கள்.