வங்கி பிடித்த டிடிஎஸ் பணத்தைத் திரும்பப் பெற

வைப்புநிதி வட்டியைத் தருமுன்பே வங்கி அதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடிக்கும்; இதுதான் டிடிஎஸ். பான் எண் தராவிட்டால் 20. உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே இல்லையென்றாலும், வருமான வரி ரிட்டர்ன் (வருமானக் கணக்கு) தாக்கல் செய்யாதவரை அந்தப் பணம் திரும்பாது. செய்துவிட்டால் தனி விண்ணப்பம் வேண்டாம், கணக்குக்கே வந்துவிடும்.

முதலில் வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து, பிடித்த தொகையெல்லாம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாததைக் கோரினால் ரீஃபண்ட் (திரும்ப வரும் தொகை) குறையும். அப்படி ஏறாவிட்டால், பிடித்த வங்கியிடமே திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லுங்கள். துறையிடம் முறையிட்டு அலைவதைவிட இதுதான் நேர்வழி.

பெரும்பாலும் சிக்குவது வங்கிக் கணக்கில்தான். சுயவிவரத்தில் 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் கணக்கைச் சரிபார்த்து, ரீஃபண்டுக்கெனத் தேர்ந்தெடுக்க வேண்டும். பான் பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துப்போகாவிட்டாலோ, உங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைந்ததால் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) மாறியிருந்தாலோ பணம் போய்ச் சேராது. கணக்கைச் சரிசெய்துவிட்டு, பணத்தை மீண்டும் அனுப்பச் சொல்லி 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோருங்கள். பான்-ஆதார் இணைப்பும் அவசியம்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ரிட்டர்னை ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்யுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம்.

தாமத ரிட்டர்னுக்கு மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) டிசம்பர் 31 கடைசி. தவறவிட்டால் ஐடிஆர்-யு (பின்னர் புதுப்பித்துத் தாக்கல் செய்யும் ரிட்டர்ன்) உதவாது, அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள், 1961 சட்டத்தின் பிரிவு 119(2)(பி)-இன்படி, தாமதத்துக்கான உண்மைக் காரணத்தையும் ஆதாரங்களையும் இணைத்து மன்னிப்பு மனு போடலாம். அந்த வழியில் வரும் தொகைக்கு வட்டி கிடையாது.