மொபைலில் மட்டும் பழைய தளம்: காரணம் ஒரே ஒரு வரி

என் இணையதளத்தையும் டொமைனையும் (தளத்தின் பெயர்) சொந்த ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன். வீட்டு வைஃபையில் புதிய தளம் திறந்தது. மொபைல் டேட்டாவில் பழையதே வந்தது. டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு சர்வரின் முகவரியைச் சொல்லும் அமைப்பு) மாற்றம் பரவ 48 மணி நேரம்கூட ஆகும் என்பார்களே, அதுதான் என்று காத்திருந்தேன். மூன்று நாளாகியும் மாறவில்லை. கேஷை (சேமித்து வைத்த பழைய தகவலை) அழித்தேன், எல்லா டிஎன்எஸ் ரெக்கார்டுக்கும் (பதிவு) டிடிஎல்லை, அதாவது அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்தேன். பலனில்லை.

அப்புறம்தான் டிஎன்எஸ் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) சொல்லும் 'ஏ' ரெக்கார்டில் புதிய முகவரி சரியாக இருந்தது. அதற்குக் கீழே 'ஏஏஏஏ' என்று நான்கு ஏ போட்ட இன்னொரு ரெக்கார்டு, பழைய சர்வரின் ஐபிவி6 (புதிய வகை) முகவரியோடு அப்படியே கிடந்தது! என் வைஃபையில் ஐபிவி4 மட்டும்தான்; மொபைலோ ஐபிவி6 கிடைத்தால் முதலில் அதைத்தான் பிடிக்கும். புதிய சர்வருக்கு ஐபிவி6 இல்லாததால் அந்த வரியை நீக்கினேன். சில நிமிடங்களில் மொபைலிலும் புதிய தளம் வந்துவிட்டது. பெரிய நிம்மதி.