பச்சையா, காய்ந்ததா? ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். பிறகு அதை, மென்பொருளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டோடு இணைத்தோம். தோட்டத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படித்து ஏஜென்ட்டே இருப்பில் ஏற்றிவிடும். முதல் வாரமே கணக்கு இடித்தது. "இன்னிக்கு 500 கிலோ எடுத்தாச்சு" என்று கங்காணி அனுப்பியதை, 500 கிலோ காய்ந்த காயாக ஏற்றியிருந்தது. அவர் சொன்னது பச்சைக்காய். ஸ்டோர் என்னும் உலர்கூடத்தில் காயவைத்தால் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும்.

ஏஜென்ட் அழைத்து இயக்கும் ஒவ்வொரு மென்பொருள் செயலும் ஒரு 'கருவி'. இருப்பில் ஏற்றும் கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம் இவ்வளவுதான்: "சரக்கை இருப்பில் சேர்க்கும். எடை: எண்." கடைப் பையனாக இருந்தால் "பச்சையா, காய்ஞ்சதாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். ஏஜென்ட் விடுபட்டதை ஊகித்து நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

ஏஐ மாடலைக் கருவிகளோடு இணைக்க ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங் ஆகட்டும், ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி ஆகட்டும், மாடலின் கண்ணுக்குப் போவது கருவியின் பெயர், விளக்கம், ஜேசான் ஸ்கீமாவில் (உள்ளீட்டின் பெயர், வகையைச் சொல்லும் வடிவத்தில்) எழுதிய உள்ளீடுகள். உள்ளே ஓடும் நிரல் போகாது. அதனால் அளவு, நிலை, நாணயம் எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது என் உள்ளீட்டின் பெயரே 'காய்ந்த_எடை_கிலோ'. விளக்கம்: "ஸ்டோரில் உலர்த்தி முடித்த காயின் எடை, கிலோவில். பச்சைக்காய் எடை மட்டும் தெரிந்தால் இந்தக் கருவியை அழைக்காதே, அனுப்பியவரிடம் கேள்." எப்போது அழைக்கக் கூடாது என்று சொல்லும் அந்த வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் பலன் தந்ததும் அதுதான்.

எல்லையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை ஊர்ப்பெயர். நாம் குமுளி என்போம், மலையாளத்தில் குமளி. நமக்குப் புத்தடி, அவர்களுக்குப் புற்றடி. 'ஏல மையம்: உரை' என்று விட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல் வந்து, தேடினால் எதுவும் கிடைக்காது. நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலம் நடப்பது புத்தடியிலும் போடியிலும்தானே? அந்த இரண்டை மட்டும் ஸ்கீமாவில் 'ஈனம்' (enum) பட்டியலாக, அதாவது இவற்றில் ஒன்றைத்தான் தரலாம் என்று, கொடுத்துவிட்டேன். தேதியும் அப்படித்தான்: 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? ஆண்டு-மாதம்-நாள் என்று வடிவத்தை எழுதி, 2025-04-03 என்று ஒரு மாதிரியும் காட்டுங்கள்.

இரண்டு வேறு வேலைகளுக்கு ஒன்றுபோலத் தோன்றும் பெயர் வைப்பதும் தவறு. என்னிடம் 'விலை_பார்', 'ஏல_விலை_எடு' என்று இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று கடை வாங்கும் விலை, மற்றது நேற்றைய ஏலத்தின் சராசரி. எழுதிய எனக்கே ஆறு மாதம் கழித்துக் குழம்பியது.

அப்புறம், பிழைச் செய்தி. இதையும் விளக்கத்தின் பகுதியாகவே நினைத்து எழுதுங்கள். "தவறான உள்ளீடு" என்று மட்டும் திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே அழைப்பை மூன்று நான்கு முறை முட்டிப் பார்க்கும். "லாட் எண் 14 இன்றைய பட்டியலில் இல்லை, முதலில் லாட்_பட்டியல் கருவியை அழை" என்று சொன்னால் (லாட் என்பது ஏலத்துக்கு வைக்கும் சரக்குத் தொகுதி) அடுத்த அடியிலேயே திருந்திவிடும்.

திரும்பப் பெற முடியாத வேலைகளை மறைக்கவே கூடாது. 'லாட்_நீக்கு' என்ற கருவி நிரந்தரமாக அழிக்கும் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எம்சிபியில் இதற்கு 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' என்ற குறிப்பே உண்டு. ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு கிடையாது. ஆளிடம் உறுதி கேட்கும் படியை மென்பொருளுக்குள் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

எழுதி முடித்ததும், நிரலைப் பார்க்காத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நான் கடைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எடுத்தாச்சுன்னா காயெடுப்பு, அது பச்சை. மூட்டை கட்டியாச்சுன்னாதான் காய்ஞ்சது. இதை எழுதலையே தம்பி?" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களும் அவர் சொன்னபடியே இப்போது விளக்கத்தில் இருக்கின்றன.