108-க்குப் போன் போட்டால் முதலில் முகவரியைச் சொல்லுங்கள்

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிற பெரும்பாலானோர் "ஐயோ, சீக்கிரம் வாங்க, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பதற்றத்தில் அப்படித்தான் வரும். ஆனால் அதில் எதிர்முனையில் இருப்பவருக்குப் பயன்படுகிற தகவல் ஒன்றுகூட இல்லை, அதோடு லைன் கட்டாகிவிட்டால் கதை முடிந்தது. நோய் என்னவென்று தெரியாவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும், இடம் தெரியாவிட்டால் கிளம்பாது. எங்கள் வீட்டிலும் வயதானவர்கள், எங்கள் அடுக்ககம் முழுக்கவும் வயதானவர்கள், அதனால் இந்த போன் வேலை பல தடவை என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் தெரிந்துகொண்டதையும் பக்கத்தில் நின்று பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த எண் என்பதை முடித்துவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108, காவல்துறைக்கு 100, தீயணைப்புக்கு 101. 112 நாடு முழுக்க இந்த எல்லாவற்றுக்கும் பொதுவான எண், எங்கே இருந்தாலும் போடலாம், போன் லாக் ஆகி இருந்தாலும் 'அவசர அழைப்பு' என்று திரையில் வருகிற இடத்தில் அடிக்கலாம். ஆனாலும் சென்னையில் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் நான் நேராக 108-தான் போடுவேன், நடுவில் இன்னொரு கை மாற வேண்டாம் பாருங்கள். காசு கிடையாது, ரீசார்ஜ் தீர்ந்துபோன போனிலிருந்தும் போகும்.

இடம் சொல்வது ஒரு கலை, முக்கியமாக இந்த ஊரில்

2008-இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த 108-க்கு வருகிற போன்களை எடுப்பது உங்கள் ஏரியாவில் இருப்பவர் அல்ல, பல மாவட்டங்களுக்கும் பொதுவான கட்டுப்பாட்டு அறைதான். அதாவது உங்கள் போனை எடுக்கிறவர் அதற்கு முந்தைய நிமிடம் தர்மபுரி அழைப்பையோ தென்காசி அழைப்பையோ பேசி முடித்திருக்கலாம். நீங்கள் மொட்டையாக "பிள்ளையார் கோயில் தெரு" என்றால் அவர் எந்தப் பிள்ளையார் என்று கண்டுபிடிப்பார்? சென்னைக்குள்ளேயே எத்தனை பிள்ளையார் கோயில் தெரு, எத்தனை காந்தி தெரு, எத்தனை முதல் குறுக்குத் தெரு. அதனால் மாவட்டத்திலிருந்து தொடங்குங்கள். தாம்பரம், பல்லாவரத்தில் இருப்பவர்கள் பேச்சுக்குச் சென்னை என்று சொன்னாலும் மாவட்டம் செங்கல்பட்டு, ஆவடி என்றால் திருவள்ளூர். அப்புறம் ஏரியா, தெரு, கதவு எண்.

கதவு எண்ணில் சென்னைக்கே உரிய தலைவலி பழைய எண், புது எண். சுவரில் இரண்டும் எழுதியிருக்கும், பக்கத்து வீட்டின் பழைய எண்ணும் உங்கள் புது எண்ணும் ஒன்றாக இருக்கும். இரண்டையும் சொல்லுங்கள், எது புதுசு எது பழசு என்றும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓர் அடையாளம். அந்த அடையாளம் ராத்திரி இரண்டு மணிக்கும் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். ஷட்டர் இறக்கி விளக்கை அணைத்துவிட்ட டீக்கடை பகலில் எல்லோருக்கும் தெரிந்தது, நள்ளிரவில் யாருக்கும் தெரியாது. கோயில் கோபுரம், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, அம்மா உணவகம், இவையெல்லாம் சரி.

மொத்தமாகச் சேர்த்தால் இப்படி வரும்: "சென்னை மாவட்டம், மேற்கு மாம்பலம், இந்தத் தெரு, புது எண் 14, பழைய எண் 9, ரேஷன் கடைக்கு எதிரே, இரண்டாவது மாடி. அப்பாவுக்கு 72 வயசு, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றார், ரொம்ப வேர்க்குது, நினைவு இருக்கு." இருபது விநாடிகூட ஆகாது. இதற்குப் பிறகு நீங்கள் அழுதாலும் பரவாயில்லை, வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர்கள் கேட்கிற கேள்விகள்

மூச்சு இருக்கிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, வயது என்ன, எப்போதிலிருந்து, ரத்தம் போகிறதா என்று கேட்பார்கள். "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, வண்டிய அனுப்புங்க முதல்ல" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிக் கத்துகிற நேரத்தில் நாலு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்திருக்கலாம். 108-இல் சாதாரண வண்டியும் உண்டு, உயிர்காக்கும் கருவிகள் கூடுதலாக உள்ள வண்டியும் உண்டு, பச்சிளங் குழந்தைகளுக்கென்று தனி வண்டியும் உண்டு, நெரிசலில் நுழைந்து முதலுதவி செய்ய பைக் ஆம்புலன்ஸும் உண்டு. எதை அனுப்புவது என்று முடிவு செய்ய உங்கள் பதில்தான் வேண்டும்.

பக்கவாதம் மாதிரித் தெரிந்தால், அதாவது வாய் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால், ஒரு விஷயத்தைக் கட்டாயம் குறித்து வையுங்கள்: கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு தொடங்குவது அந்த நேரத்திலிருந்து. மருத்துவமனை வாசலில் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார், கூட வந்த நாலு பேர் நாலு நேரம் சொல்வார்கள்.

போனை வைத்த பிறகு அந்த போனை யாரும் தொடக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். கோயம்புத்தூர் அத்தைக்கும் அமெரிக்கா தம்பிக்கும் வேறு போனிலிருந்து சொல்லிக்கொள்ளலாம். வண்டியின் பைலட், ஓட்டுநரை 108-இல் அப்படித்தான் சொல்வார்கள், நீங்கள் அழைத்த எண்ணுக்கே கூப்பிடுவார். தெரியாத எண் என்றால் எடுக்காத பழக்கம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது, அன்றைக்கு மட்டும் எடுங்கள். எங்கள் கீழ் வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தபோது பைலட் கூப்பிட்டு, "மேடம், கோயில்கிட்ட நிக்கிறேன், முன்னாடி ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க, வேற வழி இருக்கா?" என்றார். பின்பக்கத் தெரு வழியாக வரச் சொன்னேன், வந்துவிட்டார். மெட்ரோ வேலைக்கு அடைத்த சாலையும் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளமும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும், அதனால் முதல் அழைப்பிலேயே "இந்தப் பக்கமா வராதீங்க, அந்தப் பக்கமா வாங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. நவம்பர், டிசம்பர் மழையில் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்பதும் அப்படித்தான்.

வண்டி வருவதற்குள்

ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும், போன் டார்ச்சை எரியவிட்டு நிற்கட்டும். வாட்ச்மேனிடம் சொல்லி இரண்டு கேட்டையும் திறந்து வையுங்கள், வழியை மறித்து நிற்கிற ஸ்கூட்டர்களை நகர்த்துங்கள், நாயைக் கட்டுங்கள், மாடிப்படி விளக்கைப் போடுங்கள். வருவது பெரும்பாலும் பைலட், கூடவே மருத்துவ உதவியாளர், அதாவது ஈஎம்டி, ஆக இரண்டு பேர். நம் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இருந்தால்கூட ஸ்ட்ரெச்சர் அதில் நீட்டிப் படுக்காது, படி வழியாகத்தான் இறக்க வேண்டும். எண்பது கிலோ ஆளை இரண்டு பேர் இறக்க முடியாது, தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பையன்களை முன்கூட்டியே கூப்பிட்டு நிறுத்துங்கள்.

நெஞ்சு வலிக்காரரைப் படி இறங்கி நடக்க விடாதீர்கள், இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்து பைக்கில் கொண்டுபோகிற வீரமும் வேண்டாம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் ஒழியவில்லை, இரும்பால் வலிப்பு நிற்காது. பக்கத்தில் இருக்கிற கூர்மையான பொருளை நகர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மூச்சே இல்லை, கூப்பிட்டால் அசைவே இல்லை என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள், பெரியவர்களுக்கு ஐந்து செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள், கை வலித்தால் இன்னொருவர் மாற்றிக்கொள்ளட்டும்.

ஒரு கட்டைப்பையில் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், கடைசி மருந்துச் சீட்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, போன் சார்ஜர், கொஞ்சம் பணம். இந்தப் பையை முன்னாலேயே கட்டி அலமாரியில் வைத்திருப்பவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

எங்கே கொண்டுபோவார்கள் என்பதிலும் குழப்பம் உண்டு. 108 பொதுவாகப் பக்கத்தில் உள்ள பொருத்தமான அரசு மருத்துவமனைக்குத்தான் போகும், சென்னையில் என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ஜிஎச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. "ஜிஎச்சா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், பெரிய விபத்து, பாம்புக்கடி, விஷம் என்றால் தினமும் அதையே பார்த்துப் பழகிய டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்றால் அதன் அவசர எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள், அந்த நேரத்தில் இணையத்தில் தேடினால் விளம்பரம்தான் முதலில் வரும். இன்னொன்று, இறந்துவிட்டவரை 108 ஏற்றாது. அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, அதற்கு 155377.

சாலை விபத்து

இங்கே கதவு எண் இருக்காது. மெட்ரோ பாதைக்குக் கீழே என்றால் தூணில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லுங்கள், இதைவிடத் துல்லியமான முகவரி சென்னையில் கிடையாது. ஜிஎஸ்டி சாலை, ஈசிஆர் போன்ற இடங்களில் எந்தத் திசை என்பது உயிர்நாடி: "தாம்பரத்திலிருந்து கிண்டி போற பக்கம்" என்று சொல்லாவிட்டால் வண்டி மறுபக்கம் வந்து நிற்கும், யூ டர்ன் எங்கேயோ இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள், அங்கே நெடுஞ்சாலை உதவிக்கென்று 1033 என்ற எண்ணும் இருக்கிறது.

"நமக்கு ஏன் போலீஸ் கேசு" என்று நழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது, உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயமும் வேண்டாம், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், அதில் தனியாரும் அடக்கம், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், மூச்சுக்குத் தடை என்றால் தவிர. சுற்றி நின்று வீடியோ எடுப்பவர்களில் ஒருவரைக் கைகாட்டி, "அண்ணா, நீங்க டிராஃபிக்கப் பாருங்க" என்றால் பெரும்பாலும் செய்வார், பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கத்தினால் ஒருவரும் நகர மாட்டார்கள்.

தீ, கேஸ், கரண்ட், போலீஸ்

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து அப்புறம் போன் செய்யுங்கள். சமையலறையில் நின்றுகொண்டு போன் வேண்டாம், சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கசிவுக்கு 1906, தீ என்றால் 101. தீயணைப்பு வண்டி பெரிசு, தெரு எவ்வளவு அகலம், தாழ்வாகத் தொங்கும் கேபிள் இருக்கிறதா, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அவர்கள் வருவார்கள்.

மழையில் கம்பி அறுந்து கிடந்தால், நடைபாதையில் உள்ள மின்பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நின்றால், கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

100-க்குப் போன் செய்தால் ரோந்து வண்டி வரும், அவ்வளவுதான், அது புகார் ஆகாது. செயின் பறிப்பு என்றால் வண்டி எண்ணில் தெரிந்த வரைக்கும், நிறம், எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லுங்கள், பிறகு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீதாவது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதாவது, வாங்கிக்கொண்டு வாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடு போனால் 100 அல்ல, 1930, அதுவும் உடனே, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள்.

குழந்தை போனை வைத்து விளையாடும்போது இந்த எண்களில் ஒன்றுக்கு அழைப்பு போய்விட்டால் பதறிப்போய் கட் பண்ணாதீர்கள், பிறகு திருப்பிக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டிவரும். "குழந்தை தெரியாம அமுக்கிடுச்சு, இங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.