ஒரே ஓட்டம் இரண்டு முறை பதிவாகாமல் உடற்பயிற்சிச் செயலிகளை இணைப்பது எப்படி

காலையில் ஒரு முறைதான் ஓடியிருப்போம். மாலையில் கணக்கைத் திறந்தால், 6:02 மணிக்குத் தொடங்கிய 10.02 கி.மீ. ஓட்டம் ஒன்றும், 6:03 மணிக்குத் தொடங்கிய 9.94 கி.மீ. ஓட்டம் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கும். கையில் கட்டிய ஸ்மார்ட் கடிகாரம் தன் செயலி வழியாக ஒன்றை அனுப்ப, சட்டைப்பையில் இருந்த கைப்பேசி தன் பங்குக்கு இன்னொன்றை அனுப்பியதே காரணம். தொடக்க நேரத்தை ஒப்பிட்டு இரட்டைப் பதிவைத் தடுக்கும் தளங்கள் உண்டு என்றாலும், இரு கருவிகளில் பொத்தானை அழுத்திய நேரம் அரை நிமிடம் தள்ளிப் போனாலே அந்தச் சோதனை ஏமாந்துவிடலாம்.

ஆகவே, எதையும் இணைப்பதற்கு முன் ஒரு தாளில் தரவு செல்லும் வழியை வரைந்துகொள்ளுங்கள். எந்தச் செயலி பதிவுசெய்கிறது, எது படிக்க மட்டும் செய்கிறது, எது வாங்கியதை வேறோர் இடத்துக்குக் கடத்துகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு அம்புகள் வந்தால் ஒன்றை வெட்டிவிட வேண்டும். பதிவுசெய்த கருவியிலிருந்து நேராக வரும் வழியை வைத்துக்கொள்வதே நல்லது. எல்லாத் தளமும் வாங்கியதைக் கடத்திவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. உதாரணமாக, கார்மின் கடிகாரங்களின் தளமான கார்மின் கனெக்டில் நாமே கோப்பாக ஏற்றிய பயிற்சி, அங்கிருந்து தானாக, பயிற்சிகளைப் பதிந்து பகிரும் தளமான ஸ்ட்ராவாவுக்குப் போவதில்லை.

ஆப்பிள் ஹெல்த், ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட் ஆகியவை பல செயலிகளுக்கு நடுவே இருக்கும் பொதுக் கிடங்குகள். 2014இல் வந்த ஆப்பிள் ஹெல்த், நடந்த அடிகளைக் கூட்டும்போது கருவிகளுக்கு முன்னுரிமை வரிசை வைத்து, ஒரே நேரத்தில் இரு கருவிகள் எண்ணியதை ஒரு முறை மட்டும் கணக்கில் எடுக்கும். அந்த வரிசையை அமைப்புகளில் நாமே மாற்றலாம். ஆனால் முழுப் பயிற்சிப் பதிவுகளை அது அவ்வாறு இணைப்பதில்லை. அடிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓட்டங்கள் மட்டும் இரட்டிப்பாவது இதனால்தான். 2023இல் ஆண்ட்ராய்டு 14இன் அங்கமாகிவிட்ட ஹெல்த் கனெக்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு: புதிதாக அனுமதி பெறும் செயலி, மற்றச் செயலிகள் எழுதியவற்றில் முந்தைய 30 நாட்களுக்கானதை மட்டுமே இயல்பாகப் படிக்க முடியும். பழைய பயிற்சிகள் வரவில்லையென்றால் இணைப்பு பழுது என்று எண்ணி அதை அறுத்து மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இணைப்பு இல்லாத இடத்தில் கோப்பாக ஏற்றுவதுதான் வழி. இங்கே வடிவத் தேர்வு முக்கியம். சென்ற பாதையைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் (GPX) கோப்பின் அடிப்படை, இடப் புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தாக வேண்டும். டிரெட்மில்லில் ஓடியவருக்கு இடம் மாறுவதே இல்லை என்பதால், நாற்பது நிமிட உழைப்பை ஜிபிஎக்ஸில் கொண்டுபோக முயன்றால் வெறுங்கோப்புதான் மிஞ்சும். இதயத்துடிப்பும் அதில் கூடுதல் இணைப்பாக மட்டுமே ஏறும். எனவே பயிற்சிக் கருவிகள் எழுதும் ஃபிட் (FIT) கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். சுற்றுகள், துடிப்பு, கருவியின் பெயர் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அது கிடைக்காதபோது டிசிஎக்ஸ் (TCX) என்ற மற்றொரு பயிற்சிக் கோப்பு வடிவம் போதும்.

எந்த வழியில் வந்தாலும் எண்கள் மாறாமல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில தளங்கள் சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்கின்றன. சில, புள்ளிகளை வாங்கித் தம் கணக்கை மறுபடி போடுகின்றன. உயரத்தைக் கணிக்க உதவும் காற்றழுத்தமானி இல்லாத கருவி காட்டும் ஏற்ற அளவை (ஏறிய மொத்த உயரத்தை) ஸ்ட்ராவா தன் உயரத் தரவைக் கொண்டு திருத்துகிறது. நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு நகர்ந்த நேரத்தை வைத்து வேகம் காட்டும்போது, சிக்னலில் காத்திருந்தவர் திடீரென்று வேகமானவராகத் தெரிவார் (அதில் மகிழ்ச்சி அடைபவர்கள் இருக்கிறார்கள்). நீண்ட கால ஒப்பீட்டுக்கு எந்த எண் வேண்டும் என்று முடிவுசெய்து, அதை ஒரே தளத்தில் மட்டும் பாருங்கள்.

அனுமதி கொடுக்கும் பக்கத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். முறையான இணைப்பில் உங்கள் கடவுச்சொல் மற்றச் செயலிக்குப் போகாது. நீங்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கான திறவுகோல் ஒன்றே போகும். உங்கள் கடவுச்சொல்லையே நேராகக் கேட்கும் செயலியை விட்டு விலகுங்கள். அனுமதியைத் திரும்பப் பெற்றால் இனிமேல் வரும் தரவு நிற்குமே தவிர, ஏற்கெனவே நகலெடுத்தது அழியாது. அதை அந்தச் செயலியிலேயே அழிக்கக் கோர வேண்டும். பெறும் செயலிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு: 2024 நவம்பரில் மாறிய ஸ்ட்ராவா விதிகளின்படி, அங்கிருந்து பெற்ற தரவை மற்றொரு செயலி அந்தப் பயனருக்கு மட்டுமே காட்டலாம். பயிற்சியாளர் பார்க்க வேண்டுமென்றால் கடிகாரத் தளத்தை அவருடைய செயலியுடன் நேராக இணைப்பது உத்தமம்.

தாளில் வரைந்தபடி இணைப்புகளைத் திருத்தி முடித்ததும் ஐந்து நிமிட நடை ஒன்றைப் பதிவுசெய்து, அது எங்கெங்கே, எத்தனை முறை வந்து சேர்கிறது என்று பாருங்கள். சரியான இடத்தில் ஒரே ஒரு முறை வந்த பிறகு, பழைய இரட்டைப் பதிவுகளில் துடிப்புத் தரவு இல்லாததை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கலாம்.