தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு விற்றமின்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பெற்ற வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. “தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, வேறொன்றும் வேண்டாம்” என்பார் அம்மம்மா. “பிள்ளை மெலிவாக இருக்கிறது, ஏதாவது விற்றமின் பாணி கொடுங்கள்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேரும் எல்லா விற்றமின்களையும் ஒன்றாகவே எண்ணுவதுதான் முதல் தவறு. நன்றாகச் சாப்பிடும் தாயின் பாலில் விற்றமின் சி போன்றவை போதிய அளவு இருப்பதால், நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குப் பல விற்றமின்கள் கலந்த பாணி தேவையில்லை. ஆனால் எலும்பை வலுப்படுத்தும் விற்றமின் டி அப்படியல்ல.

ஒரு லீற்றர் தாய்ப்பாலில் பெரும்பாலும் எண்பது அலகுக்கும் (லேபிளில் IU) குறைவான விற்றமின் டியே இருக்கிறது. குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 400 அலகு, அதாவது 10 மைக்கிரோகிராம். இதனை அறிந்ததும் தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுவது மிகப் பெரிய தவறு, ஏனெனில் இந்த ஒரு குறையைச் சில சொட்டு மருந்தால் நிரப்பிவிடலாம், தாய்ப்பால் தரும் நோயெதிர்ப்புச் சக்தியை எந்த மாவாலும் தர முடியாது.

இளவெயிலில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை கொழும்பில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், மூடிய கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கிடத்துவதால் விற்றமின் டி கிடைக்காது. அதை உருவாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், சூரியன் தாழ்வாக நிற்கும் அந்நேரத்தில் வெளியிலும் அக்கதிர் மிகக் குறைவு. நம்முடைய கருமையான தோலுக்கு இன்னும் கூடுதலான வெயில் வேண்டும். அதற்காக உச்சி வெயிலில் கிடத்தினால், பிஞ்சுத் தோல் வெந்துவிடும்.

ஒரு வைத்தியர் சொட்டு மருந்து எழுதுகிறார், இன்னொருவர் எழுதுவதில்லை என்று குழம்புபவர்கள் பலர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பிறந்த சில நாட்களிலிருந்தே 400 அலகு கொடுக்கச் சொல்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2022இல், நிறைமாதக் குழந்தைகளுக்கு இதனை முறையான மருத்துவ ஆய்வின் பகுதியாக மட்டுமே கொடுக்கப் பரிந்துரைத்தது. ஆகவே அயலவரின் பிள்ளைக்கு எழுதிய சிட்டையைக் கொண்டு பாமசியில் வாங்காமல், உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடமே கேளுங்கள். என் கருத்தில், வீட்டுக்குள்ளேயே வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது சரியல்ல.

நான் மிகவும் அஞ்சும் தவறு அளவில் நடப்பது. ஒரு வகைப் போத்தலில் 400 அலகு ஒரு மில்லிலீற்றரில் இருக்கும். இன்னொரு வகையில் அதே 400 அலகு ஒரே ஒரு சொட்டில் இருக்கும். முதல் போத்தல் முடிந்து இரண்டாவதை வாங்கிய தாய், பழக்கத்தில் ஒரு மில்லிலீற்றர் கொடுத்தால், பிள்ளையின் வயிற்றுக்குள் போவது இருபது மடங்குக்கும் மேற்பட்ட மருந்து. இவ்வாறு தொடர்ந்தால் இரத்தத்தில் கல்சியம் கூடி, வாந்தி, மலச்சிக்கல், பால் குடிக்க மறுப்பு ஆகியவை தோன்றுவதோடு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் இந்த ஆபத்தைக் குறித்தே எச்சரித்தது. போத்தலை மாற்றும்போதெல்லாம் லேபிளை வாசியுங்கள். அதனுடன் வந்த சொட்டுக் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். காலையில் அம்மம்மா கொடுத்ததைத் தெரியாமல் மாலையில் அப்பாவும் கொடுக்காதபடி, இதற்கு ஒருவரையே பொறுப்பாக்குங்கள். மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டாம், கன்னத்தின் உட்புறத்தில் விட்டாலே போதும்.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய விற்றமின் கே தாய்ப்பாலில் மிகக் குறைவு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஊசி அதற்காகத்தான். “பச்சைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி” என்று மறுத்தால், சில வாரங்கள் கழித்து மூளைக்குள் இரத்தம் கசியும் அபாயம் உண்டு.

சைவ உணவு உண்ணும் தாய்மார் விற்றமின் பி12 பற்றி வைத்தியரிடம் சொல்லாமல் இருப்பதும் தவறே. பால், தயிர், முட்டை எதையும் தொடாதவர்களின் பாலில் அது குறைந்து, பிள்ளையின் நரம்பு வளர்ச்சி பின்தங்கக்கூடும். இதற்குத் தாயே மாத்திரை எடுப்பது அவசியம்.

இரும்புச்சத்தை நிறைமாதப் பிள்ளை தாயின் வயிற்றிலேயே சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடுவதால், அப்போது வெறும் அரிசிக் கஞ்சியோடு நிறுத்தாமல், மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றை மசித்துக் கொடுக்கத் தொடங்க வேண்டும். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பே சிறியது. ஆகவே அவர்களுக்கு ஆறு மாதம்வரை காத்திருக்காமல், இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை எப்போது தொடங்குவது என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.